ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியர்: சேர்ந்து நடத்தத் தொடங்கியதும் எங்கள் பள்ளியில் மாறியவை

கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. வகுப்பு மட்டும் எப்போதும் ஐந்து. திருவாரூர் மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எழுபது சொச்சம் பிள்ளைகள், தலைமை ஆசிரியரையும் (எச்.எம்) சேர்த்து மூன்று பேர். ஒன்றும் இரண்டும் ஒருவருக்கு, மூன்றாம் வகுப்பு ஒருவருக்கு, நாலும் ஐந்தும் எச்.எம்முக்கு என்று ஜூன் மாதமே பிரித்துக்கொள்வோம். அப்புறம் அடுத்த ஏப்ரல் வரை அவரவர் வகுப்பு அவரவர் பாடு.

இந்த ஏற்பாடு தாளில் ஒழுங்காக இருக்கும். எச்.எம்முக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று போன் வரும் நாளில் கலைந்துவிடும். யாராவது ஒருவர் விடுப்பு எடுத்தாலும் அப்படித்தான். நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து, "பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு, நடுவாசலில் நின்றபடி இரண்டு பக்கமும் கண்ணை வைத்துக்கொண்டு சமாளிப்போம். அன்றைக்கு யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. இப்படி ஒரு வருஷத்தில் எத்தனை நாள் போகிறது என்பது ஊருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். மனசு உறுத்தும்.

கூட்டாகப் பாடம் நடத்துவது என்ற பேச்சு எங்களுக்குள் இதிலிருந்துதான் வந்தது. ஆள் குறைவாக இருக்கிற பள்ளியில் இரண்டு பேரை ஒரே அறையில் நிறுத்துவதா என்று கேட்பார்கள். நாங்களும் அதைத்தான் முதலில் கேட்டுக்கொண்டோம். நான் சொல்ல வருவது, ஆள் குறைவான பள்ளிக்குத்தான் இது அதிகம் தேவை என்பது. ஆனால் இதைச் செய்ய ஆரம்பித்தால் பாடம் நடத்தும் விதம் மட்டும் மாறாது. டைம்டேபிள், அறை, பீரோ சாவி, விடுப்பு, பெற்றோரோடு பேச்சு, எச்.எம்மின் வேலை எல்லாம் சேர்ந்து மாறும். மாற்றத் தயாரில்லை என்றால் தொடாமலே இருப்பது நல்லது.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். "நீங்க தமிழ் எடுங்க டீச்சர், நான் எல்லா வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன்" என்பது கூட்டுக் கற்பித்தல் ஆகாது. அது வேலையைப் பாடவாரியாகப் பிரித்துக்கொள்வது. அப்போதும் அறைக்குள் ஒரு ஆள்தான், யோசிப்பதும் ஒரு ஆள்தான். ஒரே பிள்ளைகளுக்காக இரண்டு மூன்று பேர் சேர்ந்து திட்டமிட்டு, சேர்ந்து நடத்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று சேர்ந்து பார்ப்பதுதான் நாங்கள் செய்ய முயன்றது.

இது புதிதாக முளைத்த யோசனையும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில் பிராங்க்ளின் தொடக்கப் பள்ளியில் 1957இலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். அங்கே குழுத் தலைவர், மூத்த ஆசிரியர் என்று தனிப் பொறுப்புகளே உண்டாக்கினார்கள். பிள்ளைகளைப் பாடத்துக்குத் தக்கபடி பெரிய கூட்டமாகவும் சிறு குழுவாகவும் மாற்றி மாற்றி அமைத்தார்கள். அதன் பிறகு 1960களிலும் 70களிலும் நடுச்சுவரே இல்லாத பள்ளிக் கட்டடங்கள் பல அங்கே எழுந்தன. சத்தம் தாங்காமல் பல இடங்களில் பிறகு தடுப்புச் சுவர் வைத்தார்கள். அந்தச் சத்தம் என்ன என்பது எங்கள் கூடத்தில் முதல் வாரமே புரிந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரிலும் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 1987இல் வந்த கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்று வரையறுத்தது. பிறகு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறும் முறை, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது, வகுப்பு பேதமில்லாமல் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்தார்கள். அந்த முறையின் ஏணிப்படி, அட்டை, தட்டு எல்லாம் போய்விட்டன. ஆனால் சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்கு அடித்த கீழ்மட்டக் கரும்பலகைகள் இன்னும் எங்கள் அறைகளில் இருக்கின்றன. இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறோம். ஆக, பிள்ளைகளைக் கலப்பது நமக்குப் பழக்கமானதுதான். ஆசிரியர்கள் கலப்பதுதான் பழக்கமில்லாதது.

கணக்கில் ஆரம்பித்தோம். தமிழில் ஆரம்பித்திருந்தால் ஆளுக்கொரு பாணி, ஆளுக்கொரு ராகம் என்று தகராறு வந்திருக்கும். கணக்கில் பிள்ளைக்குத் தெரிகிறதா இல்லையா என்பது சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு நாள் வகுப்பை அப்படியே சொல்கிறேன். மூன்று, நாலு வகுப்புப் பிள்ளைகள் கூடத்தில். பாடம், பத்தைப் பிரித்துக் கழித்தல். எச்.எம் பலகையில் 52 - 28 என்று எழுதிவிட்டு, பத்துக் குச்சிகள் கட்டிய ஐந்து கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் எடுத்துக் காட்டுகிறார். இரண்டிலிருந்து எட்டை எடுக்க முடியாது, ஒரு கட்டைப் பிரிக்கிறோம், இப்போது பன்னிரண்டு தனிக் குச்சி. பிள்ளைகள் கோரஸாகச் சொல்கிறார்கள். பலகைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அருமையான வகுப்பு.

நான் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்து நோட்டோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு நாலாம் வகுப்புப் பையன். கட்டைப் பிரித்து, எண்ணி, மிச்சம் 24 என்று சரியாகச் சொல்கிறான். பிறகு நோட்டில் அதே கணக்கைப் போடுகிறான். 36 என்று எழுதுகிறான். மேலே கீழே பார்க்காமல் எட்டிலிருந்து இரண்டை எடுத்து ஆறு, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து மூன்று. குச்சியில் 24 வந்ததும் நோட்டில் 36 வந்ததும் அவனுக்கு முரணாகவே தோன்றவில்லை. குச்சிக்கணக்கு வேறு, நோட்டுக்கணக்கு வேறு என்று அவன் மனதில் இரண்டு தனி உலகம். அடுத்துக் கொடுத்த 71 - 36க்கு 45 என்று எழுதியிருந்தான். அதே வழிதான்.

இது விடைத்தாளில் தவறு என்று மட்டும்தான் தெரியும். என்ன தவறு என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை விடை சரியாக எழுதியிருந்தாள், ஆனால் விரலை மடித்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணித்தான் கண்டுபிடித்தாள். அவளுக்கும் பத்தைப் பிரிப்பது புரியவில்லை. மதிப்பெண் போட்டால் இவளுக்கு முழு மதிப்பெண், அவனுக்கு முட்டை. இருவருக்கும் வேண்டியது ஒரே உதவி.

மறுநாள் அப்படித் தடுமாறிய பிள்ளைகளை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன். குச்சியில் ஒவ்வொரு அசைவு முடிந்ததும் உடனே அதையே எண்ணில் எழுத வைத்தேன். கட்டைப் பிரித்தால் ஐந்தை அடித்து நாலு எழுது, அப்புறம்தான் அடுத்த குச்சியைத் தொடு. உள்ளே எச்.எம் மற்றப் பிள்ளைகளோடு வாழ்க்கைக் கணக்குக்குப் போய்விட்டார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒற்றை ஆளாக இருந்திருந்தால் இந்தத் தவறு பருவத் தேர்வில் தெரிந்து, திருத்துவதற்குள் அடுத்த பாடம் வந்திருக்கும்.

இதற்குப் பள்ளி அமைப்பில் என்ன மாற்ற வேண்டியிருந்தது என்று கேட்டால், முதலில் நேரம். மூன்று பேரும் வேறு வேறு நேரத்தில் கணக்கு வைத்துக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது. காலையில் முதல் ஒரு மணி நேரம் பள்ளி முழுக்கக் கணக்கு, அடுத்த ஒரு மணி நேரம் பள்ளி முழுக்கத் தமிழ் என்று டைம்டேபிளை மாற்றினோம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தது இதற்குப் பெரிய துணை. முன்பு நடவுக் காலத்தில் பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராக வருவார்கள். இப்போது மணி அடிப்பதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுத் தயாராக இருக்கிறார்கள். முதல் பீரியடை நம்பித் திட்டம் போட முடிகிறது.

அதைவிடக் கஷ்டமான நேரம், ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசும் நேரம். கூட்டுக் கற்பித்தல் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "எப்போது பேசிக்கொள்ளப் போகிறீர்கள்?" என்பதுதான். சாயங்காலம் பேசலாம் என்பார்கள். எங்களில் இரண்டு பேர் பஸ்ஸில் வருபவர்கள், அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. மதியம் பேசலாம் என்றால் சத்துணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஆகவே பள்ளி நேரத்துக்குள்ளேயே அதற்கு இடம் தேடினோம். வாரத்தில் மூன்று நாள், கடைசிப் பீரியடில் ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்துக்கோ கதைக்கோ அழைத்துக்கொள்ள, மற்ற இருவர் உட்கார்ந்து அடுத்த நாட்களைத் திட்டமிடுவது. முறை வைத்து மாறிக்கொள்வோம். எழுபது பிள்ளைகளை ஒருவர் பார்ப்பது சுலபமில்லை. ஆனால் பாட்டும் விளையாட்டும் என்றால் முடிகிறது.

இது வேலையைத் தட்டிக்கழிப்பது ஆகாதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி, அதில் தயாரிப்பு நேரமும் அடக்கம் என்று எழுதியிருக்கிறது. தயாரிப்பும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. நாம்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யும் விஷயமாக்கிவிட்டோம்.

அந்தப் பேச்சு என்ன பேச்சு என்பதும் முக்கியம். ஊர்க்கதையில் போய்விடாமல் இருக்க ஒரே ஒரு பொது நோட்டு வைத்தோம். இன்று எந்தப் பிள்ளை எங்கே தடுக்கினான், நாளை யார் முன்னால் நிற்பது, யார் உட்கார்ந்து பார்ப்பது, என்ன பொருள் வேண்டும். அவ்வளவுதான். அரைப் பக்கம். விடுப்பு எடுத்தவர் திரும்பி வந்ததும் அந்த நோட்டைத்தான் முதலில் எடுக்கிறார்.

அடுத்தது அறை. ஒன்றாம் வகுப்பு அறை, மூன்றாம் வகுப்பு அறை என்ற பெயர்கள் காலையில் செல்லாது. ஓர் அறை வாசிப்புக்கு, கூடம் கணக்குக்கு, தாழ்வாரம் சிறு குழுவுக்கு. கூடத்தில் இரண்டு குழுக்களை ஒரே நேரத்தில் வைத்தபோது சத்தம் தலைவலியாகிவிட்டது. ஒரு பக்கம் கோரஸ், இன்னொரு பக்கம் கதை. இரண்டு குழு ஒரே இடத்தில் இருந்தால் ஒன்று வாய்வேலை, மற்றது கைவேலை என்று விதி வைத்தபிறகு அடங்கியது. கீழ்மட்டக் கரும்பலகைகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. பிள்ளைகள் சுவரில் எழுதினால் இரண்டாவது ஆசிரியர் நடந்துகொண்டே எல்லோருடைய வேலையையும் பார்த்துவிடலாம்.

பீரோ சாவி சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புக்கென்று மணிச்சட்டம், மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), கதைப் புத்தகம் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தோம். பூட்டாவிட்டால் காணாமல் போகும் என்பது உண்மையும்கூட. எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்த அலமாரியில் வைத்தபோது, ஒரே மாதிரி எழுத்தட்டைகள் மூன்று தொகுப்பு இருப்பதும், இடமதிப்புக்கு ஒழுங்கான ஒரு தொகுப்புகூட இல்லாததும் தெரியவந்தது.

பிள்ளைகளை நிலைவாரியாகக் கலக்கும்போது ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். வாசிக்கத் தடுமாறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் அவன் வாயே திறக்கமாட்டான். தம்பி தங்கைக்கு முன்னால் எழுத்துக்கூட்டுவதை எந்தப் பிள்ளை விரும்பும்? ஆகவே பெரிய பிள்ளைகளை நாங்கள் இடம் மாற்றுவதில்லை. ஆசிரியர் இடம் மாறுகிறார். ஒன்று, இரண்டு வகுப்புகளில் வாசிப்பைத் தொடங்கிவைப்பதில் கைதேர்ந்த டீச்சர், வாரத்தில் சில நாள் ஐந்தாம் வகுப்பு அறைக்கு வந்து, ஒரு மூலையில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்கிறார். புத்தகமும் வேறு. ஆத்திச்சூடி வேண்டாம், விதை மூட்டையில் அச்சடித்திருப்பது, பஸ்ஸின் ஊர்ப் பலகை, கபடிப் போட்டி நோட்டீஸ். எழுத்து எளிது, விஷயம் அவன் வயசுக்குரியது. அந்த வித்தை எச்.எம்முக்கும் எனக்கும் தெரியாது, டீச்சருக்குத் தெரியும். ஒரு ஆசிரியரின் திறமை இரண்டு வகுப்புக்குள் பூட்டிக் கிடந்தது, இப்போது பள்ளிக்கே பயன்படுகிறது. இந்த முறையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

ஒன்றாம் வகுப்பை மட்டும் அவசரப்பட்டுக் கலக்காதீர்கள். ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பள்ளியில் தனக்கென்று ஒரு டீச்சர் வேண்டும். மடியில் சாய, மூக்கைத் துடைத்துவிட, அழுதால் தூக்க ஒரு முகம். காலாண்டு விடுமுறை முடியும்வரை அவர்கள் ஒரே டீச்சரிடம்தான் இருக்கிறார்கள்.

ஆவணங்களில் நாங்கள் எதையும் மாற்றவில்லை. வருகைப் பதிவு, எமிஸ் என்ற இணையப் பதிவு, முன்னேற்ற அறிக்கை எல்லாம் வகுப்புவாரியாக, வகுப்பாசிரியர் பெயரில் அப்படியே இருக்கின்றன. ஆய்வுக்கு வருகிறவர் மூன்றாம் வகுப்பு யாருடையது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பெற்றோருக்கும் அப்படித்தான். "எம்பேரனுக்கு யாரு டீச்சர்?" என்று ஒரு பாட்டி கேட்டால், எல்லோரும்தான் பாட்டி என்று சொன்னால் அவர் மனசு நிறையாது. ஒரு பெயர் சொல்ல வேண்டும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலிலேயே விளக்கி, ஒரு காலை வந்து பார்க்கவும் அழைத்தோம். நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில் சில அம்மாக்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் டீச்சர் சும்மா இருக்கிறாரோ என்ற பேச்சு அத்தோடு நின்றது.

எச்.எம்மின் நிலைதான் அதிகம் மாறியது. அவர் இல்லாத நாள்களில் நாலு, ஐந்து வகுப்புகள் அநாதையாகாது. பொது நோட்டில் திட்டம் இருக்கிறது, மூன்று குழு இரண்டாகச் சுருங்குகிறது, பாடம் நடக்கிறது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை சாதாரணமானதில்லை. தன்னைவிட இருபது வயது இளைய ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து தன் வகுப்பைக் குறிப்பெடுக்கச் சம்மதித்தார். நம் துறையில் ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்ப்பது என்றாலே ஆய்வு என்றுதான் அர்த்தம், குறை கண்டுபிடிக்கத்தான் என்று உடம்பு விறைத்துவிடும். அதனால் ஒரு வரம்பு வைத்தோம். குறிப்பு பிள்ளையைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும், ஆசிரியரைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது. இளையவர்கள் எடுத்த வகுப்புக்கு அவரும் அதே மாதிரி பின்னால் வந்து உட்கார்ந்தார்.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் நடத்த, இன்னொருவர் உதவி செய்வது என்ற வடிவம் மிகச் சுலபமாக வந்துவிடும். வந்து ஒட்டிக்கொண்டால் போகாது. மூத்தவர் எப்போதும் பலகையில், இளையவர் எப்போதும் நோட்டு எடுத்துக் கொடுப்பவர், பேசும் பிள்ளையை அடக்குபவர். குறிப்பாகத் தற்காலிக ஆசிரியர்களுக்கு இந்த நிலை சட்டென்று வந்துவிடும். பிள்ளைகளும் யார் நிஜ டீச்சர் என்று இரண்டே நாளில் முடிவு செய்துவிடுவார்கள். யார் முன்னால் நிற்பது என்பதை முறை வைத்து மாற்றுங்கள், நோட்டில் எழுதி மாற்றுங்கள்.

அதே மாதிரி, வகுப்பு விதிகள். தண்ணீர் குடிக்கப் போக நான் விடுவேன், இன்னொருவர் பீரியடு முடியட்டும் என்பார். பென்சிலில் எழுதலாமா, தவற்றை அடிக்கலாமா, அழிக்கலாமா, சிவப்பு மையில் திருத்தலாமா என்று எல்லாவற்றிலும் வேறுபாடு. பெரிய கல்விக் கொள்கையில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. வந்தது எல்லாம் இதில்தான். உட்கார்ந்து பேசி ஒரே பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டினோம்.

இப்போது எங்கள் கவலை பொதுமாறுதல் கலந்தாய்வு. பழகிய மூவரில் ஒருவர் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்டிருக்கிறார், கேட்பது நியாயமும்கூட. புதிதாக வருபவரிடம் முதல் வாரமே பலகையைக் கொடுக்கப் போவதில்லை. பின்வரிசைப் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வோம், பொது நோட்டைப் படிக்கக் கொடுப்போம், டைம்டேபிளில் கணக்கு மட்டும் கூட்டாக வைத்துவிட்டுத் தமிழை ஒரு மாதம் பழைய மாதிரி விட்டுவிடுவோம். ஆங்கிலத்தை இதுவரை கூட்டாகத் தொடவில்லை. மூன்று பேரில் தயக்கமில்லாமல் ஆங்கிலம் பேசுபவர் ஒருவர்தான். அவர் பேச, மற்ற இருவரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து திருப்பிச் சொல்வது என்று அடுத்த ஜூனில் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம்.